நித்திரை கெட்டால் மறதி நோய் வருமா? மூளை அழற்சி பற்றிய செய்திகளுக்கு ஒரு விளக்கம்

"ஆறு மணித்தியாலமோ அதற்குக் குறைவாகவோ நித்திரை கொள்பவர்களுக்கு டிமென்ஷியா வரும் ஆபத்து 30 சதவீதம் கூட." இந்தச் செய்தி சில வருடங்களாகத் தலைப்பு மாறி மாறிச் சுற்றுகிறது. இப்போது "மூளை அழற்சி" என்ற சொல்லும் அதோடு சேர்ந்துவிட்டது. விடிய இரண்டு மணிக்கு எழும்பிக் கடலுக்குப் போகிற நிலாவெளிக்காரர், சீனக்குடாவில் இரவு ஷிப்ட் பார்ப்பவர், அறுபது தாண்டியதிலிருந்து நித்திரை வராமல் புரளுகிற அம்மா என்று யார் வாசித்தாலும் பயப்படுவது நியாயம்தான்.

ஆனால் ஆய்வு சொல்வது ஒன்று, செய்தியில் வருவது இன்னொன்று. கெட்ட நித்திரை மறதி நோய்க்கு வழி திறக்கலாம். மறதி நோயும், வெளியில் தெரிவதற்குப் பல வருடங்கள் முன்னதாகவே, நித்திரையைக் கெடுக்கலாம். அழற்சி இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று இரு பக்கமும் வேலை செய்கிறது. அதனால் மணித்தியாலத்தை எண்ணிக்கொண்டிருப்பதில் பெரிய பயன் இல்லை. நித்திரை ஏன் உடைகிறது என்று தேடினால் பல வீடுகளில் மருந்து உள்ள ஒரு காரணம் அகப்படும்.

முதலில் சொற்கள்

1. டிமென்ஷியா: மறதி நோய் என்று இங்கே சொல்வது இதைத்தான். இது ஒரு தனி நோயின் பெயர் அல்ல. ஞாபகம், யோசனை, பேச்சு ஆகியவை குறைந்து, ஒருவர் தன் அன்றாட அலுவல்களைத் தானே பார்க்க முடியாமல் போகும் நிலை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் உலகெங்கும் 5 கோடி 70 லட்சம் பேர் இந்த நிலையில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பகுதிக்கு அல்சைமர் நோயே காரணம். மூளை இரத்தக்குழாய்கள் அடைபடுவதாலும் வரும், லூயி பொடி எனப்படும் புரதப் படிவுகளாலும் வரும்.

2. அறிதிறன் குறைவு: மறதி இருக்கிறது, ஆனால் கடைக்குப் போய்ச் சாமான் வாங்கிக் கணக்குப் பார்த்து வர முடிகிறது என்ற இடைநிலை. எல்லோரும் இதிலிருந்து டிமென்ஷியாவுக்குப் போவதில்லை. சிலர் அப்படியே நிற்பார்கள், சிலர் தேறியும் விடுவார்கள்.

3. அமிலாய்டு, டாவ்: அல்சைமர் நோயில் மூளையில் சேரும் இரண்டு புரதங்கள். அமிலாய்டு நரம்புக் கலங்களுக்கு வெளியே படியும். டாவ் கலங்களுக்கு உள்ளே சிக்குப்படும்.

4. அழற்சி: காலில் முள் குத்தினால் சிவந்து, வீங்கி, சுடுகிறதே, அதுதான். கிருமியையும் காயத்தையும் சமாளிக்க உடம்பு செய்யும் வேலை. மூளையில் இதைச் செய்பவை மைக்ரோக்ளியா என்ற கலங்கள். மூளை வீங்கிக் காய்ச்சலோடு வரும் மூளைக்காய்ச்சலை இதோடு குழப்ப வேண்டாம். இங்கே பேசுவது வலியில்லாமல், வருடக்கணக்காக மெல்ல நடக்கும் அழற்சி.

இரவில் மூளைக்குள் நடப்பது

நித்திரை ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக வரும். நித்திரையின் முன்பகுதியில் ஆழ்ந்த நித்திரை கூட, பின்பகுதியில் கனவு நித்திரை கூட. ஆகவே எட்டு மணிக்குப் படுத்து இரண்டு மணிக்கு எழும்பும் மீனவர் ஆழ்ந்த நித்திரையில் பெரும்பங்கை எடுத்துவிடுகிறார். பதினொரு மணிவரை போனைப் பார்த்துவிட்டு அதே இரண்டு மணிக்கு எழும்புபவருக்கு ஆழ்ந்த நித்திரையில் ஒரு பகுதியும் கனவு நித்திரையில் பெரும்பகுதியும் போய்விடுகிறது.

ஆழ்ந்த நித்திரைக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 2012இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் மைக்கென் நெடர்கார்டின் குழு ஒன்றைக் காட்டியது. மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவம் இரத்தக்குழாய்களின் ஓரமாக உள்ளே இறங்கி, கலங்களுக்கு இடையில் ஓடி, கழிவுகளை வெளியே எடுத்துச் செல்கிறது என்பதே அது. நித்திரையில் இருந்த எலிகளில் கலங்களுக்கு இடைப்பட்ட வெளி சுமார் 60 சதவீதம் அகன்றது, அமிலாய்டும் வேகமாக நீங்கியது என்று 2013இல் அதே குழு எழுதியது. "நித்திரையில் மூளை கழுவப்படுகிறது" என்று எல்லோரும் எழுதத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

2024இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு வேறு முறையில் அளந்தது. நித்திரையிலும் மயக்கத்திலும் அந்தக் கழிவு நீக்கம் குறைகிறது என்பது அவர்களின் முடிவு. அளக்கும் முறை பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. கழுவும் கதையை முடிந்த முடிவாகச் சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்பதே நல்லது.

இதைவிட உறுதியான பக்கம் ஒன்று உண்டு. நரம்புக் கலங்கள் வேலை செய்யும்போது அமிலாய்டு வெளியேறுகிறது. விழித்திருக்கும் நேரம் கூடினால் அதுவும் கூடும். எலிகளில் இது 2009இல் தெரியவந்தது. 2018இல் அமெரிக்காவில் ஆரோக்கியமான 20 பேரை ஓர் இரவு முழுக்க விழித்திருக்கவைத்து ஸ்கேன் செய்தபோது, ஞாபகத்துக்குப் பொறுப்பான பகுதியில் அமிலாய்டு அளவு சுமார் 5 சதவீதம் ஏறியிருந்தது. மறு வருடம் வந்த ஆய்வொன்றில், விழித்திருந்தவர்களின் முதுகுத்தண்டுத் திரவத்தில் டாவ் பாதிக்கு மேல் கூடியிருந்தது. இவை ஓர் இரவின் கணக்குகள். கோணேஸ்வரத்தில் சிவராத்திரிக்குக் கண்விழிப்பவர் பயப்பட ஒன்றுமில்லை. கேள்வி, வருடக்கணக்கில் இப்படியே போனால் என்ன என்பதுதான்.

அழற்சி எங்கே நுழைகிறது

மைக்ரோக்ளியா கலங்கள் சும்மா இருப்பதில்லை. மூளையைச் சுற்றிப் பார்த்து, செத்த கலங்களையும் அமிலாய்டுத் துண்டுகளையும் விழுங்குகின்றன. பிரச்சினை, அவை நெடுங்காலம் உசுப்பேறி நிற்கும்போது வருகிறது. வீடு கூட்ட வந்தவர் குப்பையோடு வீட்டுச் சாமானையும் அள்ளிக் கொட்டுவதுபோல, அப்போது அவை நல்ல நரம்பு இணைப்புகளையும் தின்னத் தொடங்கும். அழற்சிப் புரதங்களையும் கக்கும்.

நித்திரைக்கும் இதற்கும் உள்ள தொடர்பை இப்படிக் கோக்கலாம்.

1. நித்திரை கெட்டால் அழற்சி ஏறுகிறது. 72 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு அலசலில், நித்திரைக் கோளாறு உள்ளவர்களின் இரத்தத்தில் சிஆர்பி, ஐஎல்-6 என்ற அழற்சிக் குறிகள் கூடியிருந்தன. எட்டு மணித்தியாலத்துக்கு மேல் நித்திரை கொள்பவர்களிடமும் அப்படியே. தொடர்ந்து நித்திரை மறுக்கப்பட்ட எலிகளின் மூளையில் மைக்ரோக்ளியா உசுப்பேறியிருந்ததை 2017இல் கண்டார்கள்.

2. அழற்சி ஏறினால் அமிலாய்டு, டாவ் இரண்டின் கேடும் பெருகுகிறது.

3. அந்தப் புரதங்களும் அழற்சியும் நித்திரையை நடத்தும் மூளைப் பகுதிகளைத் தாக்க, நித்திரை இன்னும் கெடுகிறது. பிறகு முதலாவதுக்கே திரும்புகிறோம்.

அழற்சி வெறும் பக்க விளைவு அல்ல என்பதற்கு நல்ல சான்று மரபணுவில் கிடைத்தது. மைக்ரோக்ளியாவின் வேலைக்குத் தேவையான டிரெம்-2 மரபணுவில் ஓர் அரிய மாற்றம் இருந்தால் அல்சைமர் ஆபத்து இரண்டு மூன்று மடங்காகிறது என்று 2013இல் எழுதினார்கள். இதில் ஒரு நுணுக்கம்: அந்த மாற்றம் மைக்ரோக்ளியாவைப் பலவீனப்படுத்துகிறது. அதாவது அவை மிஞ்சினாலும் கேடு, சோர்ந்தாலும் கேடு.

அதனால்தான் "அழற்சியைக் குறைக்கும் மருந்தைப் போட்டால் சரி" என்ற குறுக்கு வழி பலிக்கவில்லை. நப்ரோக்சன், செலிகொக்சிப் என்ற இரண்டு வலிநிவாரணிகளை வயதானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்கப் பரிசோதனையை, இதயப் பாதிப்புப் பயத்தால் 2004 டிசம்பரில் நிறுத்தினார்கள். பின்னர் கணக்குப் பார்த்தபோது மறதி நோயைத் தடுத்த அடையாளமும் இல்லை. இப்போது மஞ்சள் கப்சூலை மூளை அழற்சிக்கு என்று விற்கிறார்கள். மஞ்சளைக் கறியில் போடுங்கள், காசைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த 30 சதவீதம் எங்கிருந்து வந்தது

பிரித்தானிய அரச ஊழியர்களை நெடுங்காலமாகத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வு ஒன்றிலிருந்து. 2021இல் வெளியான கணக்கில் 7,959 பேர். ஏறத்தாழ 25 வருடங்களில் அவர்களில் 521 பேருக்கு டிமென்ஷியா வந்தது. அதாவது 100 பேரில் ஆறு ஏழு பேர். 50, 60, 70 வயதுகளில் தொடர்ந்து ஆறு மணித்தியாலமோ குறைவாகவோ நித்திரை கொண்டவர்களுக்கு, ஏழு மணித்தியாலம் கொண்டவர்களைவிட ஆபத்து 30 சதவீதம் கூடியிருந்தது. ஆறு ஏழு பேர் என்பது எட்டு ஒன்பது பேர் ஆகும். அற்பமான கூடுதல் அல்ல; ஆனால் செய்தியை வாசித்தால் தோன்றுவதுபோல மூன்றில் ஒருவருக்கு நோய் என்பதும் அல்ல.

எதிர்ப் பக்கமாகவும் ஒரு சான்று இருக்கிறது. கனவில் வாய்விட்டுக் கத்தி, கையைக் காலை வீசி, பக்கத்தில் படுத்தவருக்கு அடித்துவிடுபவர்கள் உண்டு. கனவு வரும்போது உடம்பு அசையாமல் இருக்க வேண்டிய கட்டுப்பாடு தளர்ந்துபோன நிலை இது. 1986இல் தனி நோயாக விவரித்தார்கள். வேறு காரணம் இல்லாமல் இது வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பத்துப் பதினைந்து வருடங்களில் பார்க்கின்சன் நோயோ லூயி பொடி மறதி நோயோ வருகிறது. இங்கே கெட்ட நித்திரை காரணம் அல்ல, நோயின் முதல் அறிகுறி. சில மனச்சோர்வு மருந்துகளாலும் இப்படி நடக்கும் என்பதால் வீட்டிலேயே முடிவுகட்ட வேண்டாம்.

லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைப் பட்டியலிட்டது. எல்லாவற்றையும் களைந்தால் உலக டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. பிரஷர், சலரோகம், செவிப்புலன் குறைவு, பார்வைக் குறைவு, புகைத்தல், தனிமை எல்லாம் அதில் உண்டு. நித்திரை இல்லை. எது காரணம், எது விளைவு என்று பிரிக்கும் அளவுக்குச் சான்று போதாததால் அதைச் சேர்க்கவில்லை. காதுக்கு மெஷின் வாங்கப் பஞ்சிப்பட்டுக்கொண்டு நித்திரைக்குக் குளிசை தேடுகிற வீடுகள் இந்தப் பட்டியலை இரண்டு தரம் வாசிக்கலாம்.

திருகோணமலையில் நித்திரையைக் கெடுப்பவை

முதலில் குறட்டை. இதை வருத்தமாகவே யாரும் எண்ணுவதில்லை. "அவர் நல்ல நித்திரை" என்றுகூடச் சொல்வார்கள். பக்கத்தில் இருந்து பார்த்தால் தெரியும். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சடுதியாக நிற்கும். பத்து, இருபது வினாடிக்குச் சத்தமே இராது. நெஞ்சும் வயிறும் எக்கும், காற்று மட்டும் போகாது. பிறகு திணறலோடு ஒரு பெரிய இழுப்பு, திரும்பவும் குறட்டை. தொண்டை மூடிக்கொள்வதால் இரத்தத்தில் ஒட்சிசன் இறங்குகிறது, மூளை அரைகுறையாக விழித்துத் தொண்டையைத் திறக்கிறது. கடுமையானவர்களுக்கு இது மணித்தியாலத்துக்கு 30 தடவைக்கு மேல் நடக்கும். காலையில் அவருக்கு ஒன்றும் ஞாபகம் இராது. தலையிடியும், பகலில் கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுவதும்தான் மிச்சம். ஒட்சிசன் இறங்கி ஏறுவது அழற்சியைக் கிளப்பும், பிரஷரையும் ஏற்றும்.

வைத்தியர்கள் கேட்பவை எளிமையானவை: சத்தமான குறட்டையா, பகலில் களைப்பா, மூச்சு நின்றதை யாராவது கண்டார்களா, பிரஷர் உண்டா, உடம்பு பருத்ததா, 50 வயதுக்கு மேலா, கழுத்துச் சுற்றளவு 40 சென்ரிமீற்றருக்கு மேலா, ஆணா. "ஓம்" கூடக் கூடச் சந்தேகம் கூடும். மூச்சு நிற்பதைப் போனில் ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக் கிளினிக்கில் காட்டினால், நீளமாக விளங்கப்படுத்த வேண்டியதில்லை. நிறை குறைத்தல், பக்கவாட்டில் படுத்தல், சாராயத்தை விடுதல், காற்றை அழுத்தி ஊதும் சீபாப் மெஷின் ஆகியவை வைத்தியம். இவை மறதி நோயைத் தடுக்கும் என்று பெரிய பரிசோதனைகள் இன்னும் நிறுவவில்லை. பகல் தூக்கமும் பிரஷரும் குறைவது உறுதி, அதுவே போதிய காரணம்.

அடுத்தது பழைய பயம். இங்கே இன்று அறுபது எழுபது வயதில் இருப்பவர்கள் தங்கள் நல்ல காலத்தைச் சண்டைக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில் கழித்தவர்கள். 2004இல் கடல் வந்தது. 2006 ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் கந்தளாய்ப் பக்கம் ஓடினார்கள். இரவில் ஒரு சத்தம் கேட்டால் எழும்பி இருந்துவிடும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் அதை அவர்களின் சுபாவம் என்று நினைக்கிறார்கள். பெருந்துயரத்துக்குப் பிந்தைய மனவடு உள்ளவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து ஏறத்தாழ 1.6 மடங்கு என்று 2020இல் வந்த தொகுப்பு ஆய்வு சொல்கிறது. தீராத கெட்ட கனவும் அழற்சியும் அதன் வழிகளாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். இருபது வருடத்துக்கு முந்திய பயமானாலும் அதற்கு மனநல கிளினிக்கில் வைத்தியம் உண்டு.

சூட்டையும் சொல்ல வேண்டும். நித்திரை பிடிக்க உடம்பின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் சீற் கூரைக்குக் கீழே அது இலேசில் இறங்காது. படுக்க முன் கிணற்றடியில் ஒரு குளிப்பு இதற்குக் கைகண்ட வழி.

குளிசை விடயத்தில் அவசரம் வேண்டாம்

நித்திரை வரவில்லை என்றதும் பார்மசியில் ஏதாவது கேட்டு வாங்குவது நடக்கிறது. தடிமனுக்குக் கொடுக்கும் பிரிட்டன் (Piriton) என்ற குளிசையை நித்திரைக்குப் போடுபவர்களும் உண்டு. அதிலுள்ள குளோர்பெனிரமின், ஞாபகத்துக்குத் தேவையான அசெட்டில்கோலின் என்ற மூளை இரசாயனத்தைத் தடுக்கும் வகை. 65 வயதுக்கு மேற்பட்ட 3,434 பேரைத் தொடர்ந்த 2015ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், இவ்வகை மருந்துகளை வருடக்கணக்கில் அதிகம் எடுத்தவர்களிடம் டிமென்ஷியா கூடுதலாக இருந்தது. தடிமனுக்கு இரண்டு நாள் போட்டவரைப் பற்றியது அல்ல இது.

டயசிபாம், குளோனசிபாம் போன்ற அமைதிப்படுத்தும் குளிசைகள் வயதானவர்களைத் தள்ளாடவைத்து விழுத்தும். இடுப்பெலும்பு முறிந்தால் கதை வேறாகிவிடும். ஆனால் நெடுநாள் எடுத்தவர் சடுதியாக நிறுத்தினால் வலிப்பே வரலாம், வைத்தியர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும். சொல்பிடெம் என்ற நித்திரை மருந்து, மூளைத் திரவ ஓட்டத்தை எலிகளில் குறைத்ததாக 2025இல் ஓர் ஆய்வு வந்தது. மருந்தில் வரும் நித்திரை எல்லாம் இயல்பான நித்திரைக்குச் சமம் அல்ல என்பதற்கு அது ஓர் அறிகுறி. மறுபுறம், சுவோரெக்சன்ட் என்ற நித்திரை மருந்தை 38 பேரை வைத்து இரண்டு இரவு பரிசோதித்தபோது முதுகுத்தண்டுத் திரவத்தில் அமிலாய்டு 10 முதல் 20 சதவீதம் இறங்கியது. இரண்டு இரவுக் கணக்கை வைத்து யாரும் குளிசை எழுத முடியாது.

குளிசைக்கு முன் செய்யச் சொல்வது இதைத்தான்: ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எழும்புவது, காலை வெயில் படுவது, நித்திரை வராவிட்டால் படுக்கையில் கிடந்து புரளாமல் எழும்பி இருப்பது, பின்னேரத் தேத்தண்ணியையும் நீண்ட பகல் நித்திரையையும் குறைப்பது. சுபஹுத் தொழுகைக்கு எழும்புபவருக்கும், விடியற்காலையில் கோயிலுக்கோ டச்பே கடற்கரைக்கோ நடப்பவருக்கும் முதல் இரண்டும் தானாக வந்துவிடுகின்றன.

சடுதியான குழப்பம் வேறு

அழற்சி மூளையைக் குழப்புவதை வீட்டிலேயே காணக்கூடிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. நேற்றுவரை தெளிவாகப் பேசிய அப்பப்பா, இன்று இரவு முழுக்க முழித்திருந்து, இல்லாத ஆட்களோடு கதைக்கிறார், மகளை யார் என்று கேட்கிறார். ஊரில் "அறளை பேந்திட்டுது" என்று விட்டுவிடுவார்கள். மறதி நோய் ஓர் இரவில் வருவதில்லை. மணித்தியாலங்களில் அல்லது ஓரிரு நாட்களில் வரும் குழப்பத்துக்குப் பெயர் டெலிரியம். சலத்தில் கிருமி, நெஞ்சுச் சளி, உப்புச் சத்துக் குறைவு, புது மருந்து என்று அடியில் ஏதாவது இருக்கும். வயதானவருக்குக் காய்ச்சல்கூட இல்லாமல் வரலாம். கிருமிக்கு எதிராக உடம்பில் எழும் அழற்சி, ஏற்கெனவே தளர்ந்த மூளையைக் கலக்குகிறது. அடியில் உள்ளதைக் கண்டு பிடித்து மருந்து கொடுத்தால் பலர் பழைய நிலைக்குத் திரும்புகிறார்கள். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. தப்பியவர்களுக்கும் பின்னால் மறதி நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது.

இதற்குக் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸ் இருக்கிறது.

மெல்ல வரும் மறதிக்குக் கிளினிக் போகும்போது

1. மாற்றம் எப்போது தொடங்கியது, மெல்லவா சடுதியாகவா என்று தேதியோடு எழுதுங்கள்.

2. இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில், படுத்த நேரம், எழும்பிய நேரம், இரவில் எழும்பிய தடவை, பகல் நித்திரை ஆகியவற்றைக் குறியுங்கள். சலத்துக்கு எழும்பினாரா, பயந்து எழும்பினாரா, மூச்சு முட்டி எழும்பினாரா என்பதைத் தனியாக.

3. எடுக்கும் குளிசை எல்லாவற்றையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்.

4. தைரொயிட், விற்றமின் பி-12 பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். இவை குறைந்தாலும் மறதி வரும், இரண்டுக்கும் மருந்து உண்டு.

5. இரவில் கூட இருப்பவர் யாரோ அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். பெரும்பாலும் அது ஒரு மகளோ மருமகளோ. கொழும்பிலும் கனடாவிலும் இருந்து போன் எடுக்கும் அண்ணன்மாருக்கு அந்த இரவுகள் தெரியாது. அவளும் ஒழுங்காக நித்திரை கொண்டு மாதக்கணக்காகியிருக்கும். கிழமையில் இரண்டு இரவாவது வேறொருவர் காவல் இருக்க ஒழுங்கு செய்ய வேண்டும் என்பதை வைத்தியரின் வாயால் சொல்லவைத்தால் வீட்டில் எடுபடும்.